பதினான்காம் ஆணி

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். சச்சிதானந்தனுக்கு அதில் வருத்தம் இல்லை. "நீங்கள் நம்பாட்டி எனக்கு நல்லதுதான்" என்பான். சொல்லிக்கொண்டே எழுந்துபோய், கடைக்கதவின் பூட்டை ஒருதரம் ஆட்டிப் பார்த்துவிட்டு வருவான். சுவிஸ் நாட்டு ஆராவில் அவனுடைய கடையில் கத்தரிக்காயும் கறித்தூளும் வாங்குகிற எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களுக்கு அவன் சொன்னது இதுதான். ஒவ்வொரு முறையும் இதே மாதிரித்தான் சொன்னான், ஒரு சொல்லும் கூட்டவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு பெப்ரவரி மாதம். கூர் நகரத்திலிருந்து தபால் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் மலை ஏறினால் ஒரு கிராமம். அதற்கும் மேலே, காடு முடிகிற இடத்தில், தனியாக ஒரு விடுதி. ஸ்கீ என்கிற பனிச்சறுக்குப் பலகையில் உச்சியிலிருந்து பாய்ந்து இறங்குகிறவர்கள் அங்கே வருவதில்லை. மெல்லிய நீண்ட ஸ்கீ கட்டிக்கொண்டு, இரு கையிலும் கோல் ஊன்றி, பள்ளத்தாக்கு நெடுக நாள் முழுக்க வழுக்கி நடக்கிறவர்கள்தான் வருவார்கள். அவர்களுக்காகக் காலையில் ஒரு இயந்திரம் பனியில் இரட்டைக்கோடு கீறிவிட்டுப் போகும், தண்டவாளம் மாதிரி. அதற்கு லொய்ப்பே என்று பெயர். சச்சியும் வாய் நிறைய லொய்ப்பே என்பான். ஒருநாளும் அதில் கால் வைத்ததில்லை.

அவன் வல்வெட்டித்துறைப் பக்கத்து ஆள், அகதியாக வந்து ஒன்றரை வருடம். பேய்க்குப் பயந்தவன் இல்லை. அவனுடைய பயம் முழுவதையும் வெளிநாட்டவர் பொலிஸ் எடுத்துக்கொண்டுவிட்டது, பேய்க்கு மிச்சம் இல்லை. விடுதியின் குசினியில் கோப்பை கழுவினான். சமையலுக்கு உதவியாக அந்தோனிதாஸ் இருந்தார். மன்னார்க்காரர், நாற்பது வயது, நல்ல பெருத்த உடம்பு, கழுத்தில் செபமாலை. சச்சிக்கு அவர் அண்ணை.

அன்று காலை ஸ்கீ அறையைப் பார்க்கிற போர்த்துக்கேயனுக்குக் கால் சுளுக்கிவிட்டது. விடுதிக்காரி ஃபிரவ் கடூஃப் சச்சியைக் கூட்டிக்கொண்டு நிலவறையிலிருந்த ஸ்கீ அறைக்கு இறங்கினாள். அதிகம் பேசாத மனுசி. சுவரில் ஒரு பலகை. அதில் நிரையாக ஆணிகள், ஆணிகளில் இலக்கமிட்ட பித்தளை வில்லைகள்.

"வெளியே போகிறவர் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் மாட்டுவார். நீ சூடாகத் தேநீர் கொடுப்பாய். இருட்டினாலும் மூடுபனி வந்தாலும் பலகையைப் பார். ஆணி வெறுமையாக இருந்தால் ஆள் வெளியே. ஆள் வெளியே என்றால் வாசல் மணியை அடி. சத்தத்தைப் பிடித்து வந்து சேருவார்கள்."

இவ்வளவுதான் வேலை. ஆனால் அன்று ஒருவரும் சறுக்கப் போகவில்லை. மூன்று நாளாகப் பனி கொட்டுகிறது, லொய்ப்பே எல்லாம் மூடிவிட்டது, மேலே மலையில் பனிச்சரிவு அபாயம். பாதை அடைபடுவதற்கு முன்னால் விருந்தாளிகளைக் கிராமத்துக்கு இறக்க இரண்டு பஸ் வந்தது. எல்லோரும் ஸ்கீ அறைக்கு வந்து தங்கள் ஸ்கீயை எடுத்துக்கொண்டார்கள்.

சச்சிக்கு ஜெர்மன் அரைகுறை. ஆனால் வீட்டிலிருந்து வெளிக்கிடுகிறவரைச் சும்மா அனுப்புவது எப்படி? ஒவ்வொருவருக்கும் தமிழிலேயே சொன்னான். "போயிட்டு வாங்கோ." அர்த்தம் கேட்டவர்களுக்குக் கையால் காட்டினான், அங்கே போய் இங்கே வருவது என்று. அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

கடைசியாக ஒருவர் வந்தார். பழைய கம்பளிக் காற்சட்டை முழங்காலோடு நின்றது. தோளில் மர ஸ்கீ. எல்லோரும் முன்வாசலால் பஸ்ஸுக்குப் போக, இவர் ஸ்கீ அறையிலிருந்து நேரே சரிவுக்குப் போகிற பின்கதவைத் திறந்தார்.

"போயிட்டு வாங்கோ" என்றான் சச்சி.

அந்த மனிதர் நின்றார். திரும்பி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யாரும் தனக்கு அப்படிச் சொன்னதே இல்லை என்பதுபோல. பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு வெளியே போனார்.

பஸ் புறப்பட்டது. ஃபிரவ் கடூஃபும் ஏறிக்கொண்டாள். தண்ணீர்க் குழாய்கள் உறையாமல் கொதிகலனைப் பார்த்துக்கொள்ள இரண்டு தமிழர்களையும் விட்டுப் போனாள். பின்னேரம் திரும்பி வருவதாகச் சொன்னாள். அரைமணித்தியாலத்தில் மலை உறுமியது. பாதை அடைபட்டது.

மத்தியானம் சச்சி பலகையைப் பார்த்தான். எல்லா வில்லைகளும் தொங்கின. ஒன்றைத் தவிர. பதினாலு.

அந்தப் பழங்காலத்து மனிதர்! பஸ்ஸுக்குப் போகாமல் பின்கதவால் போனாரே... இந்தப் பனியில் ஒரு ஆள் செத்தால் யாருடைய தலையில் விழும்? நேற்று வந்த அகதியின் தலையில்தான். கிராமத்துக்குத் தொலைபேசி எடுத்தான். இணைப்பு இல்லை. முன்வாசலைத் திறந்தான். மணிக்கயிற்றைப் பிடித்தான்.

டாங்... டாங்... டாங்...

விட்டு விட்டு இரண்டு மணித்தியாலம் அடித்தான். கை விறைத்தது. இரண்டு எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அந்தோனிதாஸ் வந்து இழுத்துக்கொண்டு போகும்வரை அடித்தான். அவர்கள் கதவைச் சாத்திய சற்று நேரத்தில் கூரையிலிருந்த பனி மொத்தமாக இறங்கி முன்வாசலை மூடியது. கதவு அசையவே இல்லை. கீழ்மாடி ஜன்னல்கள் முன்பே புதைந்துவிட்டன. பகலிலேயே வீடு இருண்டது.

மூன்றரைக்குத் தொலைபேசி தானாக ஒலித்தது. ஃபிரவ் கடூஃப். இரைச்சலுக்குள் அவள் குரல்.

"எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். எண்ணிவிட்டேன். ஒருவரும் குறையவில்லை."

"அப்ப... பதினாலு? பதினாலு ஆணியில் இல்லையே."

மறுமுனையில் அவள் குரல் தாழ்ந்தது.

"சச்சி, நீ மணி அடித்தாயா?"

"ஓம். இரண்டு மணித்தியாலம்."

அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள்... தொடர்பு அறுந்தது. கூடவே மின்சாரமும் போனது.

குசினியில் இரண்டு மெழுகுதிரி. விறகு அடுப்பில் கேத்தில். அப்போதுதான் அது கேட்டது.

ஸ்ஸ்ர்ர்ர்... ஸ்ஸ்ர்ர்ர்...

"கூரைப் பனி வழுக்குது" என்றார் அந்தோனிதாஸ்.

ஸ்ஸ்ர்ர்ர்... டக். ஸ்ஸ்ர்ர்ர்... டக்.

கூரைப் பனி கோல் ஊன்றாது. அது இருவருக்குமே தெரியும். சத்தம் அவர்கள் தலைக்கு மேலே, சுவரைச் சுற்றிப் போனது. மறுபக்கத்தால் வந்தது. திரும்பவும் சுற்றியது.

சச்சி மேல்மாடிக்கு ஓடினான். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில் பனி. ஆள் இறங்கினால் இடுப்புவரை புதைகிற பஞ்சுப் பனி. அதில் இரட்டைக்கோடு. இயந்திரம் கீறியதுபோல நேராக, இறுக்கமாக... காட்டிலிருந்து வந்து வீட்டைச் சுற்றியது. திரும்பிப் போன கோடு இல்லை.

அவன் கீழே வந்தபோது அண்ணை எழுந்து நின்றார். முகத்தில் இரத்தம் இல்லை.

"ஸ்கீ அறைக் கதவு திறந்த சத்தம்."

"பூட்டினது நான்."

"திறந்தது, சச்சி."

டப். டப். சப்பாத்துப் பனியைத் தட்டுகிற சத்தம். விருந்தாளிகள் எல்லோரும் உள்ளே வந்ததும் அப்படித்தான் தட்டுவார்கள். பிறகு ஸ்கீயைச் சுவரில் சாத்துகிற சத்தம். பிறகு மிக மெல்லியதாக, உலோகம் உலோகத்தில் படும் ஒரு சிணுங்கல். ஆணியில் வில்லை.

பிறகு படியேறியது.

குசினிக் கதவில் சாப்பாட்டுத் தட்டுகளை நீட்டுகிற சின்னப் பலகைத் திறப்பு உண்டு. அதில் யாரோ தட்டினார்கள். அவசரமில்லாமல், மரியாதையாக.

அந்தோனிதாஸ் செபமாலையைப் பிடித்தார். "துறவாதை."

"தேத்தண்ணிக்கு வந்திருக்கு, அண்ணை."

"என்ன விசர்க்கதை?"

"வாறவைக்குத் தேத்தண்ணி குடுக்கவேணும். அதுதான் இஞ்சத்தை வழக்கம். குடுத்தால் போகும்."

சச்சி தகரக் கோப்பையில் ஊற்றினான். ஆவி பறந்தது. பலகையை உயர்த்தி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நீட்டினான். கோப்பை அவன் கையிலிருந்து எடுக்கப்பட்டது. விரல் படவில்லை. ஆனால் குளிர் முழங்கைவரை ஏறியது.

காத்திருந்தார்கள்.

கோப்பை திரும்பி வந்தது. நிறைந்தபடியே. சச்சி கவிழ்த்துப் பார்த்தான். ஒரு துளி விழவில்லை. தேநீர் அடிவரை உறைந்திருந்தது.

காலடிகள் படி இறங்கின. பின்கதவு கிறீச்சிட்டது. சச்சி கண்ணை மூடினான். போகுது, அப்பாடா, போகுது...

போகவில்லை.

கதவு சாத்தப்படவில்லை. கீழேயிருந்து குளிர் ஏறி வந்து குசினிக்குள் நுழைந்தது. மெழுகுதிரி ஒன்று அணைந்தது.

"ஏன் நிக்குது?" அண்ணையின் குரல் காற்றாக வந்தது. "காலமை அதுக்கு ஏதும் சொன்னனியோ?"

"எல்லாருக்கும் சொன்னதுதான். போயிட்டு வாங்கோ எண்டு."

"வரச் சொன்னால் வரும்தானே!"

சச்சிக்குச் சின்னப்பிள்ளையிலிருந்து பழகிய வழக்கம் ஒன்று. செத்த வீட்டுக்குப் போனால் வரும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழும்பி வரவேண்டும். போயிட்டு வாறன் என்பதும், போயிட்டு வாங்கோ என்பதும் உயிரோடு இருக்கிறவர்களுக்குரியவை. அதை அவன் யாருக்குச் சொல்லிவிட்டான்?

"திரும்பவும் சொல்லட்டாம் எண்டு நிக்குது, அண்ணை."

"வாயைத் துறந்தியோ, நானே உன்னைக் கொல்லுவன்."

சொன்னால் போகும். போனால் திரும்ப வரும். சொல்லாவிட்டால்... அங்கேயே நிற்கும். வெளியே போக வேறு வழி இல்லை.

சொல்லவில்லை.

அந்தோனிதாஸ் தன் பெரிய கையால் அவன் வாயைப் பொத்திக்கொண்டார். அடுப்புக்கு அருகே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். விறகு தீர்ந்தது. கதிரை ஒன்றை உடைத்து எரித்தார்கள்.

கீழே அது நின்றது.

மூச்சுச் சத்தம் இல்லை.

அசையவில்லை.

நின்றது.

விடிந்த பிறகுதான் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஆட்களின் சத்தம், நாயின் குரைப்பு. கிராமத்து ஆண்கள் பனியைக் குடைந்துகொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் முன்வாசலால் அல்ல. ஸ்கீ அறைப் பின்கதவால்.

சச்சியும் அந்தோனிதாஸும் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். நிலவறையில் ஒருவரும் இல்லை. சுவரில் ஒரு சோடி மர ஸ்கீ சாய்ந்திருந்தது. அதன் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. பலகையில் பதினாலாம் ஆணியில் வில்லை தொங்கியது. கறுத்து, ஈரமாக. சச்சி அதைத் தொடவில்லை. அதில் அவன் சத்தியம் செய்வான். தொடவே இல்லை.

ஒரு சொல்லும் சொல்லாமல் வாசலைத் தாண்டினார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. சச்சி முதல் முறையாக முழு மூச்சு விட்டான்.

அப்போது பின்னால், இருட்டுக்குள்ளிருந்து, நாக்குக்குப் பழக்கமில்லாத சொல்லைக் கவனமாகச் சொல்லுகிற ஒரு ஆண்குரல்...

"போயிட்டு வாங்கோ."

அந்தோனிதாஸ் திரும்பிப் பார்க்கவில்லை. சச்சியும் பார்க்கவில்லை. நாய் மட்டும் வாலைக் காலுக்குள் ஒடுக்கிக்கொண்டது.

கிராமத்தில் ஃபிரவ் கடூஃப் அவனுக்கு உண்மையைச் சொன்னாள். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு, அவளுடைய தகப்பன் விடுதியை நடத்திய காலம். வின்டர்தூரிலிருந்து வந்த ஒரு ஆசிரியர் பதினாலாம் வில்லையோடு தனியாகச் சறுக்கப் போனார். யாரும் கவனிக்கவில்லை. மூடுபனி இறங்கியது. பலகையை யாரும் பார்க்கவில்லை, மணியை யாரும் அடிக்கவில்லை. அவரும் கிடைக்கவில்லை, வில்லையும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த ஆணி வெறுமைதான். போர்த்துக்கேயனுக்கு அது தெரியும். புதிதாக வந்த சச்சிக்குச் சொல்ல மறந்துவிட்டாள்.

"முதன்முதலாக அவருக்காக மணி அடித்தவன் நீ" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

சச்சி அன்றே வேலையை விட்டான். கூருக்கு இறங்குகிற பஸ்ஸில் சீட்டு எடுக்கச் சட்டைப்பைக்குள் கையை விட்டான். விரலில் ஏதோ குளிர்ந்தது. வெளியே எடுத்தான்.

பித்தளை வில்லை. பதினாலு.

அதை அவன் வீசவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டினால், 'போயிட்டு வாங்கோ' என்று அனுப்பப்பட்ட அவனே திரும்பி வந்துவிட்டான் என்று ஆகிவிடும் அல்லவா? அந்தோனி அண்ணையோ அதைக் கண்ணாலும் பார்க்க மாட்டேன் என்றார். ஆராவில் கடை மேசையின் இழுப்பறையில் அது கிடக்கிறது. கோடையிலும் அது ஈரமாகத்தான் இருக்கும்.

போன குளிர்காலம் பெரிய பனி விழுந்த நாள் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த விடுதிக்கு ஒரு தொலைபேசி இலக்கம் உண்டு. அழைத்தால் ஒலிநாடாவில் பனி நிலவரம் சொல்லும், ஃபிரவ் கடூஃப் காலையில் தன் குரலில் பதிந்து வைப்பது. அழைத்தான். "புதுப்பனி எழுபது சென்டிமீட்டர். லொய்ப்பே அனைத்தும் மூடல். வெளியே ஒருவரும் இல்லை." அவள் குரலுக்குப் பின்னால், தூரத்தில்...

டாங்... டாங்... டாங்...

உடனே விடுதிக்கே எடுத்தான். அவளே பேசினாள்.

"ஏன் மணி அடிக்கிறீர்கள்? யார் வெளியே?"

"எந்த மணி?" என்றாள் அவள். "நீ போன அந்த வசந்தத்திலேயே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டேனே, சச்சி. இங்கே மணியே இல்லை."

அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். ஆனால் மணிச்சத்தம் நிற்கவில்லை.