சந்தனத்துக்குக் கீழே

பழைய மோட்டார் சைக்கிள் பார்க்கக் கிளம்பும் போதெல்லாம் எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். முப்பது வண்டிக்கு மேல் பார்த்திருப்பேன், ஒன்பதுதான் எடுத்திருக்கிறேன். ஆனாலும் முதல் தடவை போலவே பயப்படுவேன். "வண்டி பாக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று மனைவி கேட்பாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் இவ்வளவு பயப்படவில்லை என்று சொல்லிவிட்டு, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

பயம் என் சுபாவம். கேஸ் அடுப்பை மூடினோமா என்று மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்பி ஏறுகிற ஆள் நான். மலேசியாவில் கடல் நடுவே ஒரு தீவு, அதில் பாயான் லெப்பாஸ் என்ற ஊரில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனை வேலை. ஈயப் பற்று வைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பது, இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது. இந்த சுபாவத்துக்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று தங்கச்சி சிரிப்பாள்.

நான் தேடுவதெல்லாம் கப்சாய்தான். அப்பா காலத்தில் மீன் விற்றவரிலிருந்து வாத்தியார் வரை ஓட்டிய அந்தச் சின்ன வண்டிக்கு மலேசியாவில் எல்லா இனத்தாரும் வைத்த பெயர் அது. எஞ்சின் செத்திருந்தால் நான் கவலைப்பட மாட்டேன், பிரித்துப் பூட்டலாம். சீட்டு, விளக்கு, மட்கார்டு எல்லாம் கடையில் கிடைக்கும். இரண்டு விஷயத்தில்தான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒன்று கிராண்ட், அதாவது வண்டியின் பதிவுப் பத்திரம். அதில் இருக்கும் எண்ணும் வண்டியில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று கழுத்து. ஹேண்டில் தண்டு நுழையும் குழாய் சேஸியோடு சேர்கிற இடம் அது. ஓடுகிற வண்டியில் அந்த இடம் விட்டுப்போனால், ஓட்டுகிறவன் கையில் ஹேண்டில் மட்டும்தான் மிஞ்சும். அதனால் யார் வீட்டு வாசலாக இருந்தாலும், கம்பி பிரஷ்ஷை எடுத்துக் கழுத்தை இரும்பு தெரியும் வரை சுரண்டி, நகத்தால் தடவிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவேன். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒரே ஒரு வண்டிக்குத்தான் அப்படிச் செய்யவில்லை. அதைத்தான் தங்கச்சிக்குக் கொடுத்தேன்.

அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறாள். வேலை தீவில், என் தொழிற்சாலைக்கு இரண்டு தெரு தள்ளி. காரில் வந்தால் பாலத்து நெரிசலில் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது, மாதத் தவணையில் ஒரு புது கப்சாய் எடுக்கப் போகிறேன் என்று போன வருடம் சொன்னாள். "புதுசு எதுக்கு? இப்போ வர்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக். நானே ஒண்ணு பாத்து செஞ்சு தரேன், இரு" என்று நான்தான் தடுத்தேன். அக்கறை பாதி. நான் செய்த வண்டி தினமும் பாலத்தைத் தாண்டிப் போய் வர வேண்டும் என்ற பெருமை மீதி.

அந்த வண்டி அதே பெருநிலப் பக்கம் சுங்கை பாக்காப்பில் கிடைத்தது. அதை விற்ற அக்காவின் கணவர் சர்க்கரை வியாதியில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வண்டி கொட்டகையில் துணி போர்த்தி நின்றது. கிராண்ட் சரி, எண் சரி. கழுத்தைப் பார்க்கக் குனிந்தேன். அங்கே சந்தனம் இருந்தது. ஒரு நாள் பூச்சு இல்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை பூசிப் பூசி, மேலே மேலே ஏறி, தோசை கனத்துக்குக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம். "அவரு இருந்த வரைக்கும் ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்ல தம்பி" என்றார் அந்த அக்கா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கையில் பிரஷ் இருந்தது. என்னால் முடியவில்லை. செத்துப்போன மனிதர் பூசிய சந்தனத்தில், அவர் மனைவி பார்த்துக்கொண்டு நிற்கும்போது கம்பி பிரஷ்ஷை வைப்பதா? அதோடு இன்னொரு கணக்கும் போட்டேன். இவ்வளவு பக்தியாக வைத்திருந்தவர் வண்டியையும் அப்படித்தான் வைத்திருப்பார். பிரஷ்ஷைப் பையில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகாவது சுரண்டியிருக்கலாம். ஈரத்துணியால் சந்தனத்தை மெல்ல ஊறவைத்து எடுத்தேன். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற மனம் வராமல் துளசித் தொட்டியில் ஊற்றினேன். அடியில் பழைய பெயின்ட் வழவழவென்று இருந்தது. மீதி உடம்பு முழுவதையும் இரும்பு வரை உரித்தவன், அந்த உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு மேலே சிவப்பு அடித்தேன், நாலு கோட்டு. தீபாவளிக்கு முன்னால் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கித் தங்கச்சியிடம் சாவியைக் கொடுத்தேன். எல்லாரும் வண்டியின் முன்விளக்கில்தான் சந்தனம் வைப்பார்கள். நான் அந்த மனிதரின் வழக்கம் விட்டுப்போகக் கூடாதென்று கழுத்தில் வைத்தேன். அவர் மட்டும் ஏன் விளக்கை விட்டுவிட்டுக் கழுத்தில் வைத்தார் என்று, விரிசல் தேடியே பிழைப்பு நடத்தும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். பக்கத்து வீட்டுக் கொட்டகையில் இன்னொரு பழைய வண்டி கிடக்கிறது என்று அந்த அக்கா போன் செய்தார். சனிக்கிழமை மதியம் போனேன். வழக்கம்போல உட்கார்ந்து கழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். அவர் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்று சிரித்தார்.

"என்னா தம்பி, எங்க வண்டிய எடுக்கும்போது இப்படியெல்லாம் சொரண்டலியே?"

"சந்தனம் இருந்துச்சுக்கா. அதுல எப்படிக் கை வைக்கிறது?"

"அட, அவரு அத பூசுனதே அதுக்குத்தானே. ஒருக்கா பாரிட்ல, ரோட்டோர வாய்க்கால்ல விழுந்து அந்த எடம் விட்டுப் போயி, பட்டறையில வெல்டிங் அடிச்சிட்டு வந்தாரு. பாக்க அசிங்கமா இருக்குன்னு பட்டி பூசி, பெயின்ட் அடிச்சி, அதுக்கு மேல சந்தனமும் வெச்சாரு. சாமி பாத்துக்கும்னு சொல்லுவாரு. ஏன் தம்பி, ஒங்களுக்குத் தெரியாதா?"

பிரஷ்ஷைக் கீழே போட்டேன். மணி பார்த்தேன், ஒன்று நாற்பது. தங்கச்சிக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்கு வெளியே வந்து, வண்டியை எடுத்து, பாலத்தில் ஏறுவாள். போன் அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டாள் என்று தெரியும். அங்கே போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தெரிந்தும் ஐந்து தடவை அடித்தேன். அக்கா ஏதோ கேட்டார். பதில் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

பத்து காவான் என்ற ஊருக்கு வந்து, தீவுக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் ஏறினேன். கடல் காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. என் வண்டியே ஆடியது. பாலத்தில் கொஞ்ச தூரத்துக்கு ஒரு இணைப்பு வரும், சக்கரம் அதில் ஏறி இறங்கும்போது ஹேண்டில் ஒரு குதி குதிக்கும். அன்றைக்கு ஒவ்வொரு குதிக்கும் எனக்கு அவள் வண்டியின் கழுத்துதான் தெரிந்தது. நாலு மாதம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை. இத்தனை குதியையும் அது தாங்கியிருக்கிறது என்று ஒரு நிமிடம் தைரியம் வரும். இத்தனை குதித்த பிறகு இன்னும் எத்தனை தாங்கும் என்று அடுத்த நிமிடமே வந்துவிடும். முருகா முருகா என்று ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டே போனேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் கத்தினேன்.

அவள் தொழிற்சாலை வாசலில் நேபாளிக் காவலாளி தடுத்தார். "மோட்டோ அடேக் சாயா, ரோசாக்" என்றேன். தங்கச்சி வண்டி, கெட்டுப்போயிருக்கிறது என்று இவ்வளவுதான் வாயில் வந்தது. என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். நூற்றுக்கணக்கான கப்சாய்களுக்கு நடுவில் என் சிவப்பு பளபளவென்று நின்றது. மணி இரண்டு முப்பத்தைந்து. அவள் இன்னும் கிளம்பவில்லை.

கருவிப் பையை விரித்து உட்கார்ந்தேன். கத்தியை வைத்து நானே அடித்த நாலு கோட்டையும் சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே பழைய பெயின்ட், அதற்குக் கீழே பட்டி, வெள்ளை மாவாக உதிர்ந்தது. உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க மேடும் பள்ளமுமாக வெல்டிங் வந்தது. கண்ணுக்கு விரிசல் எதுவும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது, அந்தப் பாடத்தை நான் புது ஆட்களுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. எண்ணெயை அடித்து ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சாக்பீஸ் தூள் பூச வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் தூளில் கோடாகக் கசியும். எண்ணெய் ஸ்ப்ரே பையில் இருந்தது. சாக்பீஸுக்கு எங்கே போவது? பர்ஸில் தைப்பூசத்தன்று கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம் இருந்தது. எண்ணெயை அடித்து, ஊறவிட்டு, துடைத்துவிட்டு விபூதியை மூன்று விரலால் எடுத்துக் கழுத்தில் பூசினேன். இந்தத் தடவை கும்பிடவில்லை, உற்றுப் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. தப்பித்தோம் என்று நினைக்கும்போது வெள்ளையில் ஒரு ஈரப் புள்ளி வந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் சேர்ந்து, வெல்டிங்கின் ஓரமாகவே ஓடி, சுண்டுவிரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு கோடு நின்றது. பக்கத்து வண்டியின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கூட்டத்தோடு தங்கச்சி வந்தாள், கையில் ஹெல்மெட்டும் சாப்பாட்டுப் பையும். என்னைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். "என்னாண்ணே, வண்டிக்குப் பட்டை போட்டு விட்டிருக்க?"

அந்தக் கோட்டைக் காட்டினேன். சந்தனம், வெல்டிங், பட்டி எல்லாவற்றையும் சொன்னேன். நான் சுரண்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. புது வண்டியை வேண்டாம் என்று தடுத்தவன் நான்தானே. அவள் குனிந்து விரலால் அந்தக் கோட்டைத் தொட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"தைப்பூசத்துலேர்ந்தே ஹேண்டில் ஒரு பக்கமா இழுத்துச்சுண்ணே" என்றாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "நீ பாத்து எடுத்த வண்டியாச்சேண்ணே. பாலத்துக் காத்துல எனக்குத்தான் சரியா ஓட்டத் தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்."