ஒரு ‘ங்’ குறைந்த துப்பறியும் கதை

1. கூலிங் கிளாஸ்

கதாநாயகன் கூலிங் கிளாஸைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது உருப்படாது என்று. ஒரு தடவை கழற்றினால் பரவாயில்லை. மூன்று கோணத்தில் மூன்று தடவை கழற்றினான். எங்கள் ஊர்க் கல்யாண வீடியோவில் தாலி கட்டுவதையே இரண்டு தடவைக்கு மேல் காட்டுவதில்லை.

2007, ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அனுமந்தன்பட்டியில் பிலோமினா அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து நேராக வந்த சொந்தக்காரர்களும், அக்காவோடு வேலை பார்த்த மூன்று பேரும் இருந்தார்கள். அக்கா எழுதிய கதைகள் டி.வி.யில் வாரம் ஒரு கதையாகத் தொடராக வருகின்றன, இன்றைக்கு முதல் எபிசோடு.

பிலோமினா அக்கா உத்தமபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ட்ரங்க் கால் காலத்தில் நாள் முழுக்கக் காதில் ஹெட்செட். ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லை வைத்து, பேசுகிறவர் எந்த ஊர், வந்த செய்தி நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். எக்ஸ்சேஞ்சை ஆட்டோமேட்டிக் ஆக்கியபோது ஒரு மேலதிகாரி, “இனி உங்க காதுக்கு என்னம்மா வேலை? மெஷின் பாத்துக்கும்” என்று சிரித்தாராம். அந்த ஆத்திரத்தில் எழுதியதுதான் துப்பறியும் கதைகள். துப்பறிகிறவள் ஒரு டெலிபோன் ஆபரேட்டர், பெயர் ஞானசுந்தரி, நாற்பத்தைந்து வயது. துப்பாக்கி கிடையாது, காது மட்டும்தான்.

“காத வச்சே ஒரு ஆளப் பிடிக்கலாம்னு இன்னைக்கு ஊருக்கே காட்டப் போறாக” என்று பழைய தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது வருஷம் காத்திருந்த பேச்சு அது.

ஞானசுந்தரி வரவில்லை. அவளுக்குப் பதிலாக இருபத்தைந்து வயதில் ஒரு பையன் வந்தான். ஹெட்செட் இருந்த இடத்தில் ப்ளூடூத். எக்ஸ்சேஞ்ச் இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த ஆபீஸ். மடியில் லேப்டாப், வாயில் பாதி இங்கிலீஷ். தேனி பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வைகை அணையைப் பார்த்தான்.

“இவன் யாருடி?” என்று ஒரு தோழி கேட்டார்.

“ஞானசுந்தரியாம்” என்றார் அக்கா.

2. மண் வாசனை

இதில் என் பங்கு என்ன என்று சொல்லிவிடுகிறேன். பழனிசெட்டிபட்டியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ரூம் வைத்திருந்தேன். ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிப் போகிற உர விளம்பரம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, லோக்கல் கேபிள் விளம்பரம் எல்லாம் என் மைக்கில் பதிவானவை. அந்தத் தொடரின் டைரக்டர் சென்னையிலிருந்து வந்து என்னிடம் சொன்னார்:

“காதர் சார், ஹீரோ போர்ஷன் சென்னையில பாத்துக்கிறோம். மத்த கேரக்டர்ஸ் டப்பிங் எல்லாம் உங்க ஆளுங்கள வச்சு இங்கயே முடிச்சிடலாம். எனக்கு மண் வாசனை வேணும். தூக்கலா வேணும்.”

குழம்புக்கு உப்புக் கேட்கிற மாதிரி கேட்டார். முழு ஸ்கிரிப்டைக் கேட்டேன். “சஸ்பென்ஸ் சார்” என்று கையை விரித்தார். காட்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிய லூப் வாரியாகத் துண்டுத் தாள்கள்தான் வந்தன. எது முன்னால், எது பின்னால் என்று யாருக்கும் தெரியாது. டைரக்டருக்கே தெரியாது என்பது ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது.

ஆனால் பேச்சு விஷயத்தில் நான் சிங்கம். சென்னையில் எழுதிய வசனத்தில் எல்லாரும் ‘வந்தாங்க, போனாங்க’ என்றுதான் பேசினார்கள். எங்கள் பக்கம் ‘வந்தாக, போனாக’ என்போம். சிவப்புப் பேனாவை எடுத்து வரிவரியாகத் திருத்தினேன். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். ‘ங்’ மூக்கில் ஒலிக்கிற எழுத்து, கேமராவுக்குத் தெரியாது. அதனால் லிப் சிங்க் தொந்தரவும் இல்லை. ஒரு ‘ங்க’கூடத் தப்பவில்லை. டைரக்டர் கேட்டுவிட்டு, “பிச்சிட்டீங்க சார்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

3. கிளைமாக்ஸ்

மறுபடியும் அக்கா வீட்டு டி.வி.க்கு வருகிறேன். அரை மணி நேரத்தில் ஹீரோ இரண்டு தடவை பைக்கில் கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறினான், எதற்கென்று யாரும் சொல்லவில்லை. நான் அறைக்கே கேட்கிற மாதிரி கிண்டல் செய்துகொண்டிருந்தேன். “அங்கன என்னத்தடா தேடுற, பெட்ரோல் பங்கா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கடைசிக் காட்சிக்குக் காத்திருந்தார்.

கடைசிக் காட்சி வந்தது. கம்பத்தில் ஏலக்காய் வியாபாரி வீடு. சின்ன வயதில் ஓடிப்போன மகன் நான்தான் என்று ஒருவன் சொத்துக்கு வந்து நிற்கிறான். ஹீரோ கூலிங் கிளாஸைக் கழற்றி, சுத்தமான மெட்ராஸ் பாஷையில் சொன்னான்: “நீ கம்பத்துக்காரன் கிடையாது. அன்னிக்கு போன்ல நீ பேசின பேச்சே உன்னைக் காட்டிக் குடுத்துருச்சு.”

உடனே அந்த போன் பேச்சைத் திரும்பப் போட்டார்கள். வந்தவன் அம்மாவிடம் கேட்கிறான்: “அப்பா கடையில இருந்து வந்தாகளாம்மா?”

அசல் கம்பம் பேச்சு. பிசிறு கிடையாது. பேசியது என் ரூமில், கூடலூர்க்காரர் ஒருவர்.

“நல்லாத்தான பேசுறான்? மெட்ராஸ்காரப் பயதான் இவனப் போயி வெளியூருங்கிறான்” என்றார் ஒரு தோழி. அறை முழுக்கச் சிரிப்பு. எல்லாரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். பெயர் போட்டு முடித்தார்கள்.

அக்கா எழுந்து டி.வி.யை அணைத்தார்.

“அவன் ‘வந்தாங்களா’ன்னு கேக்கணும் தம்பி” என்றார். “அதுதான் கதையே. மனுசன் எந்தச் சீமையில போயிப் பொழச்சாலும், பெத்தவுகளப் பத்திக் கேக்கிறப்ப நாக்கு ஊருக்கு வந்துரும். கம்பத்துல பெறந்தவன் அப்பாவ ‘வந்தாங்களா’ன்னு கேக்க மாட்டான். ஞானசுந்தரி அதத்தான் பிடிப்பா. ஆளையே மாத்திட்டாக, சரின்னு விட்டேன். வண்டியில அலையவிட்டாக, அதையும் விட்டேன். இந்த ஒரு போன் பேச்சையாச்சும் புத்தகத்துல உள்ளபடி வையிங்கய்யான்னு கெஞ்சி வாங்கினேன். சரின்னுதான சொன்னாக.”

எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. மற்றதெல்லாம் டைப் செய்த தாள், அது மட்டும் புத்தகத்தின் ஜெராக்ஸ். அம்மா பேசுவதெல்லாம் ‘ஆக’, மகன் பேசுவது மட்டும் ‘ங்க’. பாவம், அச்சுப் பிழை போலிருக்கிறது என்று சிவப்பு மையில் திருத்தினேன். கெஞ்சிக் கெஞ்சி அக்கா காப்பாற்றிய ஒரே எழுத்தை, டைரக்டரே தொடாமல் விட்ட எழுத்தை, நான் அடித்திருக்கிறேன். அரை மணி நேரமாக அடுத்தவனைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

“இந்த ஆளுக்கு டப்பிங் எங்க தம்பி நடந்துச்சு?” என்று அக்கா கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன்.

“அது மெட்ராஸ்ல வச்சுப் பண்ணாங்கக்கா” என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த ‘ங்க’ என் காதிலேயே விழுந்தது. மூன்று பழைய ஆபரேட்டர்களும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

“பண்ணாங்களா?” என்றார் பிலோமினா அக்கா.

அவர் கோபப்படவில்லை. தோழிகளைப் பார்த்து, “காத வச்சே ஒரு ஆளப் பிடிக்கலாம்னு சொன்னேன்ல?” என்று மட்டும் சொன்னார். பிறகு எனக்கும் சேர்த்துக் காபி கொண்டுவந்தார்.

அவர் எனக்குக் கொடுத்திருந்த புத்தகம், ஒலி மிக்ஸர் வைத்திருந்த, ஆடிக்கொண்டிருந்த மேஜையின் காலுக்கு முட்டுக் கொடுத்தபடி ஆறு மாதமாக என் ரூமில்தான் இருந்தது. அன்று சாயங்காலம் எடுத்துப் படித்தேன். முழுவதும் படிக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆனது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். தாளில் தப்பு கண்ணில் பட்டால், அது எழுதியவருடைய தப்பா, பேசுகிறவனுடைய தப்பா என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறங்கள். அந்த டைரக்டருக்கு எங்கள் பேச்சு தெரியாது, அதனால் அதைக் கெடுக்கவும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.