தாஷ்கந்தின் பித்தளைப் பக்கங்கள்

நாங்கள் குடியேறிய டென்மார்க் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் எங்களுக்கு, தாஷ்கந்தைப் பார்க்க ஒரேயொரு நாள்தான். வழிகாட்டிப் பெண் திலோரா நினைவுச் சதுக்கத்தில் பஸ்ஸை நிறுத்தி, இருபது நிமிடம் தருகிறாள். எல்லோரும் துக்கத்தில் அமர்ந்திருக்கும் தாயின் சிலைக்கு முன்னால் படம் எடுக்கிறார்கள்.

"நீங்களும் எடுங்கோ, நான் வாறன்," என்று சொல்லிவிட்டு என் மனைவி வசந்தி மரத்தூண்கள் நிற்கும் தாழ்வாரத்துக்குள் போகிறாள். அங்கே சுவரில் பித்தளைத் தகடுகளைப் புத்தகம்போல் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. வசந்தி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, பெயர்களை விரலால் தடவுகிறாள்.

"யாரையாவது தேடுகிறாரா?" திலோரா என்னிடம் ஆங்கிலத்தில் கேட்கிறாள்.

"அவளுடைய தம்பி எங்கள் நாட்டுப் போரின் கடைசி நாட்களில் காணாமல்போனவன். அவன் பெயரை எங்கேயும் எழுதிவைக்கவில்லை."

திலோரா வேறொரு தகட்டைத் திருப்புகிறாள். வசந்தியின் விரலைப் பிடித்து ஒரு வரியின்மேல் வைக்கிறாள்.

"என் அம்மாவின் தாத்தா. எங்கே மடிந்தார் என்று இன்றுவரை தெரியாது."

நான் அதைத் தமிழில் சொல்கிறேன். பஸ் ஹாரன் அடிக்கிறது. வசந்தி விரலை எடுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, எனக்கும் ஒரு தம்பி இருந்தவன் எண்டு இவவுக்குச் சொல்லுங்கோ."

இத்தனை வருடமும் யார் கேட்டாலும், 'தம்பி ஒருத்தன் இருக்கிறான்' என்றுதான் சொல்லிவந்தாள். திலோரா என் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறாள்.