மஞ்சள் போட்ட ரேடியேட்டர்

தஞ்சோங் பகார் சரக்குக் கிடங்கு ஒன்றில் மருதப்பன் குமாஸ்தாவாக இருந்தான். தமிழும் இங்கிலீஷும் ஒன்றுபோல வரும். கிடங்கில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் அவனிடம்தான் நீட்டுவார்கள். அச்சில் வந்தது பொய் சொல்லாது என்பது அவன் நம்பிக்கை. மற்றபடி பயந்த சுபாவம். தெருவைக் கடக்கவே மூன்று முறை யோசிப்பான். அப்படிப்பட்டவன் ஒரு பழைய கார் வாங்கினான் என்றபோது அவன் குடியிருந்த ரோவல் ரோட்டில் யாரும் முதலில் நம்பவில்லை.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. மனைவி சிவகாமசுந்தரிக்கு முதல் கரு தங்கவில்லை. மூன்று சக்கர டிரைஷாவில் போகும்போது சக்கரம் குழியில் இறங்கிய மறுநாள் அது நடந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் மருதப்பன் மனம் கேட்கவில்லை. இப்போது மறுபடி வயிற்றில் பிள்ளை. பிரசவம் கடல் தாண்டி நாகப்பட்டினத்தில், தாய் வீட்டில் என்று முடிவாகி, கப்பலுக்கும் பதிந்தாயிற்று. ஏழு மாதம் தாண்டினால் ஏற்ற மாட்டோம் என்று கப்பல் ஆபீஸில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கப்பலை விட்டால் அவளுக்கு அடுத்தது கிடையாது. அவனுக்கோ லீவு கிடைக்க இரண்டு வருஷம் ஆகும். பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் முகம் பார்ப்பான். தன்னால் ஆனது, துறைமுகம் வரைக்கும் அவளை அலுங்காமல் கொண்டுபோய்க் கப்பலில் ஏற்றிவிட்டு, நாலு வார்த்தை தைரியம் சொல்லி அனுப்புவது. அதற்குத்தான் கார்.

அந்தக் காரோ கப்பல் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஒழுக ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் வண்டிக்குக் கீழே ஒரு ஈரத்திட்டு. சந்தை வரை போய்வருவதற்குள் பானெட் இடுக்கில் ஆவி வந்தது. மருதப்பன் வண்டியோடு கொடுத்த இங்கிலீஷ் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உறைபனி விழும் இரவில் எஞ்சினுக்குக் கம்பளி போர்த்துவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. சூடு மிஞ்சினால் என்ன செய்வது என்பதற்கு நாலே வரி. ஆறும்வரை மூடியைத் திறக்காதே, கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதே என்று முடிந்திருந்தது. எது ஒழுகுகிறது என்று அதில் இல்லை.

அவனே தேடினான். மேல் ரப்பர் குழாயைப் பிசைந்து பார்த்தான், கீழ்க் குழாயைப் பிசைந்தான், காற்றாடி வாரை அழுத்திப் பார்த்தான். எல்லாம் சரியாகத்தான் இருப்பதுபோல இருந்தது. சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. கடைசியில் ரேடியேட்டரின் அடித்தையலில் சொட்டு தொங்குவதைக் கண்டுபிடித்தான். பட்டறைக்காரர் வந்து பார்த்து, கழற்றி ஈயம் வைக்க வேண்டும், கையில் நிறைய வேலை இருக்கிறது, அடுத்த வாரம் கொண்டுவா என்றார். அடுத்த வாரம் அவள் கடலில் இருப்பாள்.

அது அறுபத்து மூன்றாம் வருஷம். மழை பொய்த்து, குழாய்த் தண்ணீரை முறை வைத்து விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வராத நாளுக்கென்று சிவகாமசுந்தரி அண்டாவில் பிடித்து வைப்பாள். அதிலிருந்து வாளி வாளியாக மொண்டு மருதப்பன் வண்டிக்கு ஊற்றினான். ஊற்றியது தரைக்கு வந்தது.

அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்குக் குளிக்க வச்ச தண்ணியெல்லாம் அது குடிக்குது. புள்ளத்தாச்சி அதுவா, நானா?”

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வேலைவிட்டு வந்ததும் பானெட்டுக்குள் தலையை விட்டவன், சாப்பாட்டுக்குத்தான் எடுத்தான். அவளோடு உட்கார்ந்து பேச வைத்திருந்த நேரமெல்லாம் அதில் போயிற்று. டாக்சியில் போய்விடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யாரோ ஓட்டுகிற வண்டி, குழி பார்த்தா ஓட்டுவான் என்று மறுத்துவிட்டான்.

வழி சொன்னவர் பக்கத்து வீட்டு நெய்னா முகம்மது. மளிகைக்கடைக்காரர். கடைக்கு லாரி வைத்திருந்த காலத்து அனுபவம் அவருக்கு. “மஞ்சத்தூள் போடுங்க தம்பி. தண்ணியில கலந்து ஊத்தி ஓட விடுங்க. ஓட்டையில போய் ஒக்காந்துக்கும். எங்க லாரிக்கு அதான் போட்டோம் லா.”

“எவ்வளவு பாய்?”

“ஒரு பிடி.”

மருதப்பன் ஒரு பிடி போட்டான். சொட்டு குறைந்தது, நிற்கவில்லை. பயந்தவனுக்கு ஒரு பிடி எப்படிப் போதும்? சமையலறை டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்துவிட்டான். மறுநாள் வண்டிக்கடியில் தரை காய்ந்து கிடந்தது. சிராங்கூன் ரோட்டின் கோடிவரை ஓட்டிப் பார்த்தான். ஆவி இல்லை. அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான். ரசத்துக்கு மஞ்சள் இல்லாததை அவள் சொல்லவில்லை.

கப்பல் பிற்பகலில் புறப்படுவதாக இருந்தது. டிரங்குப் பெட்டி, படுக்கை, ஊறுகாய்ச் சாடி எல்லாம் ஏற்றி, வழித்துணைக்குப் பாயின் மனைவி உம்மு சல்மாவையும் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு முற்பகலிலேயே கிளம்பினான். குழிக்குக் குழி நிறுத்தி நிறுத்தி இறக்கினான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நல்ல பாரம், உச்சி வெயில், ஆமை வேகம். சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவில் கோபுரம் தெரிந்த இடத்தில் பானெட்டின் நாலு ஓரத்திலும் ஆவி பீறிக்கொண்டு வந்தது. எஞ்சின் இரண்டு தரம் உதறிவிட்டு நின்றது. அளவு மீறிப் போட்ட மஞ்சள் ஓட்டையை அடைத்ததோடு, ரேடியேட்டரின் மெல்லிய குழல்களையும் அடைத்துவிட்டிருந்தது.

உம்மு சல்மா நேரத்தை வீணாக்காமல் நடுரோட்டில் கையை நீட்டி ஒரு டாக்சியை நிறுத்தினாள். சாமான் மாறியது. ஓட்டுநர் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. சிவகாமசுந்தரி அதைக் கையால் தொட்டுக் காட்டினாள்.

“வண்டி கெடக்கட்டும். நீங்க வாங்க.”

“நடுரோட்டுல விட்டுட்டு எப்படி வர்றது? போலீஸ்காரன் பாத்துட்டே நிக்கிறான். நீ முன்னால போ. கொஞ்சம் ஆறட்டும், பின்னாலயே வந்துடறேன்.”

“வருவீங்கல்ல?”

“பின்னாலயேதான் சுந்தரி.”

டாக்சி போய்விட்டது. சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் வந்து, வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். இருவருமாகத் தள்ளி ஒரு காப்பிக்கடை முன்னால் விட்டார்கள். ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மருதப்பனுக்குத் தெரியும். காத்திருக்கத்தான் பார்த்தான். பானெட்டைத் தொட்டான், சுட்டது. ரோட்டைப் பார்த்தான். துறைமுகத்துப் பக்கமிருந்து சங்கு ஒலி வந்தது. எந்தக் கப்பலின் சங்கோ! அவனுக்கு எல்லாச் சங்கும் அவளுடைய கப்பல் சங்காகவே கேட்டது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகினான்.

மஞ்சளாக ஓர் ஊற்று எழும்பிக் கையில் கொட்டியது. காப்பிக்கடைக்காரர் ஓடிவந்தார். அன்றைக்கு அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் கிடையாது. அவரிடம் இருந்தது ஐஸ்பெட்டியில் உருகிய தண்ணீர்தான். ஒரு வாளி கொண்டுவந்து வைத்தார், கைக்குத்தான். மருதப்பன் கையை ஒருதரம் முக்கி எடுத்தான். பிறகு அந்த வாளியைத் தூக்கி ரேடியேட்டரில் கவிழ்த்தான். கையேட்டின் நாலு வரியும் அவனுக்கு மனப்பாடம். கவிழ்க்கும்போதே அவை கண்முன் ஓடின. கை நிற்கவில்லை.

உள்ளே எங்கோ ஓர் ஓசை கேட்டது. கண்ணாடித் தம்ளரில் கொதிநீர் ஊற்றினால் வருமே, அப்படி. எஞ்சினின் பக்கவாட்டில் மஞ்சள் நீர் கோடாக வழிந்து இறங்கியது. சாவியைத் திருப்பிப் பார்க்கவும் அவனுக்குத் தோன்றவில்லை. காரை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

ஓடிப் பழக்கமில்லாத உடம்பு. துறைமுகக் கேட்டில் யார், எதற்கு என்று நிறுத்திக் கேட்டார்கள். மூச்சு வாங்கியதில் இரண்டு மொழியிலும் ஒரு வார்த்தை எழும்பவில்லை. கடைசியில் விட்டார்கள். அவன் போய்ச் சேர்ந்தபோது ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அழுக்குத் தண்ணீர் அகன்றுகொண்டிருந்தது.

வழியனுப்ப வந்த கூட்டத்தில் உம்மு சல்மா நின்றிருந்தாள். “நல்லபடியா ஏத்தியாச்சு தம்பி. டாக்சியில ஒரு சின்ன ஆட்டம்கூட இல்ல. உங்களத்தான் பாத்துப் பாத்து ஏணியிலயே நின்னுச்சு, பின்னால நின்னவங்க சத்தம் போட்டாங்க. வந்துருவார்னு சொல்லி நான்தான் அனுப்பி வச்சேன்.” சொல்லிக்கொண்டே மேல்தளத்தைச் சுட்டிக்காட்டினாள். கம்பியோரக் கூட்டத்தில் சுந்தரியின் ஊதாச் சேலை தெரிந்தது.

மருதப்பன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். சிவகாமசுந்தரி பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்தது அவ்வளவு தூரத்திலும் தெரிந்தது. பிறகு அந்த முகம் மாறியது. அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக் காட்டி, தலையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டாள். அப்போதுதான் அவனுக்குத் தன் கை நினைவு வந்தது. சிவந்து கொப்புளித்து, மஞ்சள் கறையோடு ஈரக் கைக்குட்டை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மறைத்ததையும் அவள் பார்த்தாள். வாயைக் குவித்து மறுபடி கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்று அவன் கத்தினான். சங்கு ஊதியது. ஒன்றுமில்லை என்று இடது கையால் காட்டிப் பார்த்தான், போ போ என்பதுபோல ஆகிவிட்டது. அவள் கம்பிக்கு மேலாக எட்டினாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளைப் பிடித்து இழுத்தாள்.

“விழுந்துடப் போறா” என்று மருதப்பன் உம்மு சல்மாவிடம் சொன்னான். “என்னன்னு சொல்லுங்கக்கா அவகிட்ட.”

“இங்கேருந்து என்னான்னு சொல்றது தம்பி?”

கப்பல் திரும்பத் தொடங்கியது. ஊதாச் சேலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கரை தெரிகிற பின்பக்கம் நோக்கி நகர்ந்தது. வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவள் அத்தனை வேகமாக நடப்பதை அவன் அந்த ஏழு மாதத்தில் பார்த்ததில்லை.