அர்த்தநாரியின் சர்ப்ளஸ் வின்ச்

ஒரு மனிதனை மிச்சம் என்று சொல்லிவிட முடியுமா? முடியும் என்றால், எது போக மிச்சம்?

வீரபாண்டி அர்த்தநாரியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. அவரைப் பெரிதாகப் புகழ ஒன்றுமில்லை. முன்கோபக்காரர். அடுத்தவர் பேசி முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவார். தோற்றாலும் வாதத்தை விடமாட்டார்.

பனியன் கம்பெனி ஒன்றில் துணியை ஓய்வில் போடும் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. பின்னல் துணி ரோலில் இழுபட்டே வந்து சேரும். அதைப் பிரித்து, மேசைமேல் தளர்வாக மடித்துப் போட்டு, இழுப்பு அடங்கும்வரை விட்டுவைக்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் முதல் சலவையிலேயே சட்டை சுருங்கிவிடும். "இழுக்காதே, தளர உடு" என்று சொல்லிச் சொல்லியே அவருடைய தலை நரைத்தது. பிறகு அந்த வேலையைச் செய்ய ஒரு மெஷின் வந்தது. முதலாளியின் மகன் ரித்தீஷ் அவரை அறைக்குக் கூப்பிட்டான்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. இந்த செக்‌ஷன்ல நீங்க இப்ப சர்ப்ளஸ் ஆகறீங்க."

திருப்பூரில் அந்தச் சொல்லுக்கு யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ஓட்டை விழுந்தது, எண்ணெய்க் கறை பட்டது, வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று ஒதுக்கியது. கழுத்து லேபிளை வெட்டிவிட்டுக் காதர்பேட்டைக் கடைகளில் குவித்து மலிவாக விற்பார்கள்.

அர்த்தநாரி தன் சட்டைக் காலரைத் தூக்கிக் காட்டினார். "லேபிளை நீங்க வெட்டறீங்களா தம்பி, நானே வெட்டிக்கட்டுமா?"

அப்படியே வெளியே வந்துவிட்டார். மனைவி சித்ராதேவி அதே கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். அவள் தொடர்ந்து போய்வந்தாள். இரண்டு பேரும் வீட்டில் உட்கார முடியாதே.

பெண்கள் வருவதும் போவதும் கம்பெனி வேனில். வழியில் ஓடைப் பாலத்தைத் தோண்டிப் போட்டுவிட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் ஓடைக்குள் இறங்கித்தான் ஏற வேண்டும். மழை பெய்தால் சக்கரம் புதைந்துவிடும். ஒரு காலையில் தன் பழைய ஜீப்பில் மாட்டுத்தீவனம் ஏற்றிக்கொண்டு வந்த அர்த்தநாரி, பெண்கள் முழங்கால் சேற்றில் நின்று வேனைத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். சித்ராதேவி வழுக்கி விழுந்து எழுந்தாள். வேன் டிரைவர், ரித்தீஷுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தான்.

"லேடீஸ எல்லாம் எறங்கித் தள்ளச் சொல்லுங்க. வந்துரும்," என்றது குரல்.

வேலை போனபோது வராத கோபம் அப்போதுதான் வந்தது. "வந்துருமாமா? இவன் ஊட்டுப் பொம்பளைங்கள இப்படிச் சேத்துல எறக்குவானா?" என்று கத்தினார். போன் அதற்குள் அணைந்துவிட்டது. இனி எந்தப் பெண்ணும் இந்த ஓடையில் இறங்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தார். அது கம்பெனியின் வேலை, கம்பெனி செய்யாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கோயம்புத்தூரில் பழைய இரும்புக் கடை ஒன்றில் அவர் தேடியது கிடைத்தது: மோட்டாரும் உருளையும் கம்பிவடமும் சேர்ந்த இழுவைப் பொறி. வின்ச் என்பார்கள். பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. பித்தளைத் தகட்டில் எண் பொறித்திருந்தது.

"மிலிட்டரி சர்ப்ளஸ்ங்க," என்றார் கடைக்காரர்.

அர்த்தநாரி கையை எடுத்துவிட்டார். "அப்ப எங்க ஓட்டை?"

"ஓட்டையா? பட்டாளத்துல சர்ப்ளஸ்னா தேவைக்கு மேல வாங்கி வெச்சதுங்க. கெட்டதுன்னு அர்த்தம் இல்லீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரே சொல், ஒரு ஊரில் கழிசல், இன்னொரு இடத்தில் கையிருப்பு. எந்த அர்த்தம் பொருந்தும் என்பதைப் பொருளா சொல்கிறது? ஒதுக்குகிறவன் அல்லவா சொல்கிறான்!

சித்ராதேவிக்கு அந்த வாதமெல்லாம் தேவைப்படவில்லை. குறை கண்ட இடத்தில் ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்துவந்து, வின்ச்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். துரு கண்ட இரண்டு போல்ட்டில் ஒட்டினாள்.

"இது ரெண்டும் மாத்தோணும். மத்தது பாஸ்," என்றாள். "உங்க மேலதான் எங்க ஒட்டறதுன்னு தெரியல."

மங்கலம் ரோட்டில் பட்டறை வைத்திருந்த அந்தோணிராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஜீப்பின் முன்பம்பரில் மாட்டினால் பம்பர் பிய்ந்து போகும் என்று, அடிச்சட்டமான சேஸிஸிலேயே தடித்த தகடு வைத்துப் பற்றவைத்தார். பட்டாள மோட்டாருக்கு இருபத்துநாலு வோல்ட் வேண்டும். ஜீப்பில் இருப்பது பன்னிரண்டு. அதனால் பின்சீட்டைக் கழற்றிவிட்டு இரண்டு பேட்டரிகளைச் சேர்த்துக் கட்டினார்கள். அழுக்கெடுக்கக் கழற்றிய கம்பிவடத்தைத் திரும்ப உருளையில் சுற்றும் வேலையை மட்டும் அர்த்தநாரி யாருக்கும் விடவில்லை. பனியன் வேஸ்ட்டால் துடைத்துத் துடைத்து, கொஞ்சமும் இழுக்காமல், தளரத் தளரச் சுற்றினார்.

அடுத்த மழையில் வேன் புதைந்தது. அர்த்தநாரி எதிர்க்கரையில் ஜீப்பை நிறுத்தி, அதன் பின்பக்கத்தை வெள்ளவேலா மரத்தோடு சங்கிலியால் பிணைத்து, கொக்கியை வேனில் மாட்டினார். ஸ்விட்சை அமுக்கினார். தளர்வாகக் கிடந்த அடிச்சுற்றுக்குள் மேல்சுற்று புகுந்து இறுகிக்கொண்டது. மோட்டார் உறுமி நின்றது. வடம் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. பெண்கள் மறுபடியும் இறங்கித் தள்ளினார்கள்.

பெரிய டயர் வண்டியில் வந்த ரித்தீஷ் கண்ணாடியை இறக்கினான். "என்னங்கண்ணா, சர்ப்ளஸ் வேலையக் காட்டிருச்சா?"

"ஒரு நாளைக்கு நீயும் இதுல மாட்டுவடா!" அர்த்தநாரி அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். "அன்னைக்கு உன்னைய எறக்கித் தள்ள வெக்கல, என்ற பேரு அர்த்தநாரி இல்ல!"

பட்டறையில் சிக்கெடுத்துக்கொண்டே அந்தோணிராஜ் சிரித்தார். "இரும்பு என்ன துணியா அண்ணாச்சி, ரிலாக்ஸ் பண்ணதுக்கு? பாரத்தோட சுத்தணும்லா!"

மேட்டிலிருந்த மரத்தில் வடத்தின் முனையைக் கட்டினார்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடி, ஜீப் தன்னைத்தானே மேலே இழுத்துக்கொள்ளும்படி விட்டார்கள். சுற்றோடு சுற்று ஒட்டி, கல்லைப் போல இறுகியது. வாழ்நாளெல்லாம் சொன்ன பாடத்துக்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தபடி அர்த்தநாரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு பெய்த மழைகளில் வேன் மாட்டியபோதெல்லாம் அவர் இழுத்தார். பெண்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கரையேறினார்கள். கம்பெனியிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ஓடைப் பாலமும் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் வேனுக்கு முன்னால் ரித்தீஷின் வண்டி போனது. நடு ஓடையில் அது புதைந்தது. பெரிய டயர் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாக இறங்கியது. பின்னால் வேன் வழியில்லாமல் நின்றது. எதிர்க்கரையில் அர்த்தநாரி ஏற்கெனவே மரத்தில் சங்கிலியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

வேனுக்குள்ளே ஒரே கூச்சல். கம்பெனியில் சட்டைக் கை மடிக்கும் உசிலம்பட்டிக்காரி ஒச்சாயி ஜன்னலில் தலையை நீட்டினாள். "ஏண்ணே, இந்தப் பயலை எறக்கி விடுண்ணே! லேடீஸ் தள்ளுனா வந்துரும்னான்ல, ஜென்ட்ஸ் தள்ளுனா வராதாக்கும்? அந்த வெள்ளை ஷூவுல கொஞ்சம் சேறு ஒட்டட்டும்!"

"எறக்கி உடுங்க!" என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். சித்ராதேவியின் குரலும் அதில் இருந்தது.

ரித்தீஷ் எதிர்க்கரையைப் பார்த்தான். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான். ஷூ கணுக்கால்வரை சேற்றுக்குள் போனது.

அர்த்தநாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொக்கியோடு தானே சேற்றில் இறங்கி வந்தார். கோபம் குறைந்த முகமாக அது இல்லை.

"காலை உள்ள வைங்க தம்பி," என்றார். "கதவச் சாத்துங்க."

வடம் விறைத்தது. ரித்தீஷ் உட்கார்ந்தபடியே கரையேறினான். அடுத்து வேன் ஏறியது. ஒச்சாயி அவரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சித்ராதேவி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, அத்தனை பேரு முன்னால சொன்னீங்கள்ல? அவனை எறக்கி உட்டிருக்கலாமல்ல?"

அடுத்தவர் கேட்டு முடிக்கும் முன் பதில் சொல்கிற மனிதர், அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. பின்னால் எத்தனையோ பேர் கேட்டும் சொல்லவில்லை. ஜீப்பை மேட்டடிக்குக் கொண்டுபோய், வடத்தின் முனையை மரத்தில் கட்டி, பிரேக்கை லேசாக மிதித்தபடி, அதைத் திரும்ப இறுக்கமாகச் சுற்றத் தொடங்கினார்.