நீலத்தில் நின்றுபோன குழல்

எங்கள் தொழிலைப் பூச்சு வேலை என்பார்கள், ஆனால் நாங்கள் எதையும் பூசுவதில்லை. அமிலத் தொட்டியில் உலோகத்தைத் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் அது தன் மேல் தானே ஒரு தோலை வளர்த்துக்கொள்ளும். தொட்டியோரம் நின்று தொண்டை கரகரத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு வயது பதினேழு. தாராவிப் பட்டறையில் சேர்ந்து ஒரு வருஷமாகிறது.

வந்த சாமான்

அதுவரை எங்களுக்கு அலுமினியம்தான். போன மழைக்காலத்தில் செம்பூர் ரசாயன ஆலை இன்ஜினியர் ஒருவர், மாட்டுங்காக்காரர், பம்பின் சுழல்தண்டில் மாட்டும் இரண்டு குழல்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். டைட்டேனியம். வெளிநாட்டிலிருந்து வந்தது, அந்த இரண்டுதான் இருந்தன.

அமிலமே தின்னாத உலோகத்துக்கு எதற்குத் தோல் என்று கேட்டார் முதலாளி சாகுல் பாய். இன்ஜினியர் சொன்னார்: "அமிலத்துக்கு அசையாது பாய். ஆனா ஒண்ணோட ஒண்ணு உரசினா ஒட்டிண்டு கிழிச்சுண்டுடும், சொத்துப் பிரிக்கற அண்ணன் தம்பி மாதிரி."

நிறங்கள்

முதலில் துண்டுத் தகட்டில் பழகினோம். வோல்ட் ஏற ஏறப் பொன், ஊதா, நீலம் என்று நிறம் மாறும், எனக்கோ திருவிழா. பாய் ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்தார். நீலம் இரண்டே இழுப்பில் போயிற்று. இன்னும் ஏற்றி, தகட்டின் மேல் பொறி தெறிக்கும்வரை விட்டால் நிறமெல்லாம் செத்துச் சாம்பலாகும். அதில்தான் அரம் வழுக்கியது.

நீலத்திலேயே விட்டுவிடலாமே என்று முனகினேன். பாய் நிமிராமலே சொன்னார்: "என்னல, கலியாண வீட்டுக்கா அனுப்புதோம்? தேயாம இருக்கணும், அம்புட்டுதான்."

பலகைக்கு அப்பால்

அமில ஆவி வெளியே வராமல் இருக்கத் தொட்டியறையைப் பலகையால் அடைத்திருந்தோம். உள்ளே மின்சாரக் கைப்பிடியருகில் சுடலை அண்ணாச்சி. நிறுத்த வேண்டிய நேரத்தில் பாய் முன்பக்கத்திலிருந்து 'பந்த் கர்' என்று குரல் கொடுப்பார். குரல் கேட்டதும் அண்ணாச்சி கைப்பிடியை இறக்குவார். முகம் பார்க்கும் வழக்கமில்லை. நானோ இன்ஜினியர், டீக்கடை பய்யா, பாய் என்று எல்லார் குரலிலும் பேசுவேன்.

முதல் குழல் தொட்டியில் இருந்தது. பாய் தொழுகைக்குப் போனது அண்ணாச்சிக்குத் தெரியாது. பலகை இடுக்கில் வாயை வைத்து, பாய் குரலில், "ஏல சுடல, பந்த் கர்!" என்றேன். அவர் வெளியே வந்து விழிப்பார், சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவரோ நிறுத்தி, எடுத்து, கழுவியே விட்டார். குழல் மயில்கழுத்து நீலம்.

பாய் வந்து மறுபடி முக்கவைத்தார். திட்டுத்திட்டாக ஏறி, அரம் பட்டதும் உதிர்ந்தது. அந்தத் தோலை உரித்தால் குழலின் அளவு குறைந்து தண்டில் ஆடும். குழல் போயிற்று. அண்ணாச்சி, "நீங்கதான மொதலாளி சொன்னீங்க" என்றார். பாய் சத்தம் போடவில்லை: "எட்டு வருசம் எங்கிட்ட நின்னுட்டு இப்பப் பொய் சொல்லுதியே சுடல. சட்டய மாட்டிக்கிட்டுப் போ."

பாயின் முகத்துக்கு நேரே

அண்ணாச்சி சட்டையை எடுக்கத் தொட்டியறைக்குள் போனார். அப்போதுதான் பாயிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. அண்ணாச்சியைக் காப்பாற்றக் கதை விடுகிறேன் என்றார்.

"அப்ப அதே கொரல்ல இப்பச் சொல்லு பாப்போம்."

அந்தக் குரலுக்குச் சிரிக்காத ஆள் அதுவரை இல்லை. அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்: "ஏல சுடல, பந்த் கர்!"

பலகைக்கு அப்பால் கைப்பிடி டக்கென்று விழுந்தது. தொட்டியில் எதுவும் இல்லை. எட்டிப் பார்த்தோம். வேலை போன மனிதர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை கைப்பிடியிலுமாக நின்றார்.

பாய் என்னை அடிக்கவில்லை. இன்ஜினியரிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றார். போனேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். இரண்டாவது குழலை அண்ணாச்சியே சாம்பல் நிறம்வரை கொண்டுவந்தார். மன்னிப்புக் கேட்டபோது குழலைத் துடைத்தபடியே சொன்னார்: "வேல போனது வீட்ல தெரியதுக்குள்ள சொல்லிட்ட, அதுவரைக்கும் சரி. ஆனா இனிமே மொதலாளியே கூப்பிட்டாலும் நீயோன்னு பாக்காமக் கைப்பிடிய எறக்க மாட்டேன்டே."

இப்போதெல்லாம் மின்சாரத்தை நிறுத்தப் பாயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஆவிக்குள் வந்து முகம் காட்ட வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். அதனால் அவருக்கு வந்திருக்கும் இருமலை மட்டும் நான் யாருக்கும் செய்துகாட்டுவதில்லை.