கழனித் தண்ணி குடித்த புங்கங்கன்றுகள்

புளித்த கழனித் தண்ணியின் வாசனை... இன்றைக்கும் யார் வீட்டிலாவது அரிசி ஊறவைத்த பாத்திரத்தை மறந்துபோய் மூடி வைத்திருந்தால், எனக்குத் திருமுல்லைவாயிலுக்குக் குடிவந்த புதுசுதான் ஞாபகம் வரும்.

அப்போது எங்கள் தெருவில் மொத்தமே பதினான்கு வீடு. பேருக்கு ஒரு மரம் கிடையாது. பிளாட் போட்டவர்கள் இருந்ததையெல்லாம் வழித்துத் தள்ளியிருந்தார்கள். என் பெரிய பெண் மஞ்சுவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் மெயின் ரோட்டிலிருந்து வீடுவரை ஓடியே வருவாள். நின்று மூச்சு வாங்க ஒரு நிழல் இருந்தால்தானே! முகம் தக்காளிப்பழம் மாதிரி சிவந்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம், தெருவில் நாலு மரம் வைக்கணும் என்று வீட்டுக்காரரை நச்சரிப்பேன்.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. ஒருநாள் கம்பெனியில் ஆளுக்கொரு புங்கங்கன்று கொடுத்தார்கள். பாதிப் பேர் அதை சைக்கிள் ஸ்டாண்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட, இவர் எல்லாவற்றையும் சாக்கில் கட்டி கேரியரில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். பதினொரு கன்று!

"கேட்டுக்கினே இருந்தியே, இந்தா. ஆனா ஒண்ணுகூட நிக்காது, எழுதி வெச்சிக்கோ" என்றார்.

ஒண்ணுகூடவா? பார்த்துவிடலாம் என்று நானும் பக்கத்து வீட்டு நசீமாவும் தெரு நெடுக பள்ளம் தோண்டி நட்டோம். நசீமா பூந்தமல்லிப் பெண். வாய் சும்மா இருக்காது.

"ஏன் சரோஜாக்கா, இது நிழல் குடுக்கறதுக்குள்ள உன் பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிடும்."

"ஆவட்டுமே. பந்தல் செலவு மிச்சம்!"

நட்டாகிவிட்டது. தண்ணீர்? தெருக்குழாயில் குடிக்கவே அளந்துதான் வரும். அப்போதுதான் எனக்கு அந்த அபார மூளை வேலை செய்தது... கழனித் தண்ணி!

எல்லா வீட்டிலும் பின்வாசலில் ஒரு பக்கெட் இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதில்தான் போகும். சாயந்திரம் பால்கார கன்னியம்மாக்கா வந்து தன் எருமைக்கு எடுத்துப் போவார். எருமையே அதைக் குடித்துவிட்டுக் குதிர் மாதிரி இருக்கிறதே, செடிக்கு ஊற்றினால் எப்படியெல்லாம் வளரும் என்று நினைத்தேன். நசீமாவும் தலையாட்டினாள். மூன்று நாள் இரண்டு பேரும் பார்த்துப் பார்த்து ஊற்றினோம்.

நான்காம் நாள் சாயந்திரம் வெளியே வந்து பார்த்தால் தெருவில் ஆட்டு மந்தை. வேர்ப்பக்கம் தேங்கியிருந்த கஞ்சியை நக்கிவிட்டு, மேலே இருந்த இலையையும் ஒன்று விடாமல் தின்றிருந்தன. பதினொரு மொட்டைக் குச்சி நின்றது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கன்னியம்மாக்கா காலி டின்னோடு வந்து நின்றார்.

"இன்னாமே, மூணு நாளா உன் ஊட்லயும் காலி, பாய் ஊட்லயும் காலி? என் எருமை உங்குளுக்கு இன்னா பாவம் பண்ணுச்சி?"

"செடிக்கு ஊத்திட்டோம்க்கா..."

"கஞ்சியக் கொண்டாந்து தெருவுல ஊத்துனா ஆடு வராம ஆனையா வரும்? என் எருமை வாய்ல மண்ணப் போட்டுட்டு, ஊரான் ஆட்டுக்கு விருந்து வெச்சிகீறீங்களே!"

நசீமா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை. அதைப் பார்த்து அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. உட்கார்ந்து, ஒரு குச்சியை நகத்தால் லேசாகக் கீறினார்.

"அழாத மே. உள்ள பச்சை கீது பாரு. உசுரு போவல."

அங்கேயே ஒப்பந்தம் ஆயிற்று. கழனித் தண்ணி பழையபடி எருமைக்கு. செடிக்குத் துணி அலசின கடைசித் தண்ணீர். ஆட்டுக்கு? அக்கா ஒரு சட்டி நிறைய சாணி கொண்டுவந்தார். கரைத்துக் குச்சியில் பூசச் சொன்னார். அந்த நாற்றத்துக்கு ஆடு வாய் வைக்காதாம்.

பத்தே நாளில் துளிர் விட்டது... ஒவ்வொரு துளிருக்கும் சாணி பூசினோம். மழை பெய்தால் மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பெண்கள் தெருவில் குந்திக்கொண்டு இலை இலையாகத் தடவுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "இன்னா, செடிக்கு நலங்கு வைக்கிறீங்களா?" என்றார். கன்னியம்மாக்கா சாணிக் கையை அவர் கன்னத்துக்கு நேரே நீட்டினார் பாருங்கள்... மனுஷன் வீட்டுக்குள் ஓடியவர்தான்! தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

பதினொன்றில் ஏழு பிழைத்தது. மஞ்சு பத்தாவது படிக்கும்போது தெரு முழுக்க நிழல். அவள் ஓடுவதை நிறுத்திவிட்டு, சிநேகிதிகளோடு கதை பேசிக்கொண்டே மெதுவாக வர ஆரம்பித்தாள். லேட்டாக வருகிறாள் என்று நானே திட்டுவேன்!

இதற்கெல்லாம் சுற்றுச்சூழல் என்று பெரிய பேர் இருப்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. நான் படித்தது அஞ்சாவது. இப்போது மஞ்சுவின் பெண் காலேஜில் அதையே பாடமாகப் படிக்கிறாள். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

கன்னியம்மாக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். நசீமா மகனோடு ஐயப்பன்தாங்கலில் இருக்கிறாள். தெருவில் எல்லாம் அபார்ட்மெண்ட், பால் பாக்கெட்டில் வருகிறது. வயரில் இடிக்கிறது என்று ஒரு மரத்தை வெட்டிவிட்டார்கள். ஆறு நிற்கிறது.

போன மாசம் எதிர் ஃபிளாட்டுக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டார். "ஆன்ட்டி, பூ கொட்டி கார் ஃபுல்லா அழுக்காவுது. கம்ப்ளைண்ட் குடுத்து எடுத்துடலாமா?"

"கார் நகரும், மரம் நகராது. நீ வேணா வெயில்ல வெச்சிக்கோ கண்ணு" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு வாரம் காரை மரத்துக்குத் தள்ளித்தான் நிறுத்தினார்.

இன்று காலை பால்கனியில் துணி காயப்போடும்போது பார்க்கிறேன்... அந்த நிழலுக்கு இரண்டு காரும் ஒரு வேனும் சண்டை. "நான்தான் சார் ஃபர்ஸ்ட் வந்தேன்!" என்று எல்லோரையும்விட சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தது யார் தெரியுமா?

அதே தம்பிதான்.